மரக் கராஜும் எட்டுக்கு நாலு பலகையும்

இங்கிலாந்துல வீடு வாங்கின நம்ம ஆளுங்க, கொல்லைப்பக்கம் மரத்துலயே ஒரு கராஜ் கட்டி, அதுல ஒரு ஓரமா தச்சுப் பட்டறையும் வெச்சுக்கலாம்னு கிளம்பும்போது எல்லாரும் ஒரே கேள்வியிலதான் ஆரம்பிக்கிறாங்க. "ஒரு காருக்கா, ரெண்டு காருக்கா?" விற்கிறவங்க கேட்லாக்கும் அப்படித்தான் பிரிச்சு வெச்சிருக்கும். என் கட்சி வேற. காரை மறந்துடுங்க சாமி. எட்டுக்கு நாலு அடி ப்ளைவுட் பலகை ஒண்ணை மனசுல நிறுத்தி, அதைச் சுத்திக் கட்டடத்தை வரைங்க.

ஏன்னா கார் ஒரு அளவுல நிக்கிற சாமான் இல்லை. 1959ல வந்த மினி காரோட அகலம் 1.41 மீட்டர். இன்னிக்கு அதே பேர்ல ஓடுற வண்டி 1.7 மீட்டரைத் தாண்டிடுச்சு, கண்ணாடியைச் சேர்க்காமலே. அந்தக் காலத்துல 7 அடிக் கதவு வெச்சுக் கட்டின கராஜ்கள்ல இன்னிக்குக் காரை நுழைச்சுட்டு கதவைத் திறந்து வெளியே வர்றதுக்கு யோகாசனம் தெரியணும் :-) அதனாலதான் பல வீட்டுல கார் தெருவுல நனையுது, உள்ளே பழைய மெத்தையும் உடைஞ்ச சைக்கிளும் சொகுசா இருக்கு. ப்ளைவுட் மட்டும் அன்னிக்கும் எட்டுக்கு நாலு, இன்னிக்கும் எட்டுக்கு நாலு.

இந்தப் பலகையை நட்டமா நிமிர்த்தினா 2.44 மீட்டர் உயரம். இதுலதான் சட்டம் குறுக்கே வருது. தனியா திட்ட அனுமதி வாங்காம கட்டணும்னா, வேலியிலிருந்து 2 மீட்டருக்குள்ள கட்டடத்தோட எந்தப் பகுதி வந்தாலும் மொத்த உயரம் 2.5 மீட்டரைத் தாண்டக் கூடாது. அடித்தளம், கூரைக் கனம் எல்லாம் கழிச்சா உள்ளே 2.2 மீட்டர் தேறினாலே பெரிய விஷயம். பலகை நிமிராது. அதையே வேலியை விட்டு 2 மீட்டர் தள்ளிப் போட்டா, ரெண்டு பக்கமும் சரியற கூரைக்கு 4 மீட்டர் வரைக்கும், மற்ற கூரைக்கு 3 மீட்டர் வரைக்கும் போகலாம். கூரை ஓரத்து உயரம் மட்டும் 2.5க்குள்ள இருக்கணும், வீட்டு முகப்புக்கு முன்னாடி நீட்டிக்கிட்டு வரக் கூடாது. (பாரம்பரியக் கட்டடம்னு பட்டியல்ல இருக்கிற வீட்டுக்கும் பிளாட்டுக்கும் கதையே வேற, அவங்க முதல்ல கவுன்சில்ல கேட்டுடுங்க.)

தீ விஷயமும் இருக்கு. தரைப் பரப்பு 15 சதுர மீட்டருக்குள்ள இருந்து, யாரும் உள்ளே படுக்கலைன்னா கட்டட விதிமுறைத் தொல்லை இல்லை. 15லிருந்து 30 வரைக்கும்னா, ஒண்ணு தீப்பிடிக்காத பொருள்ல கட்டணும், இல்லேன்னா எல்லையிலிருந்து 1 மீட்டராவது தள்ளியிருக்கணும். மூணுக்கு ஆறு மீட்டர் கராஜ்னா 18 ஆச்சு. மரம் தீப்பிடிக்கும். அப்புறம் என்ன, தள்ளித்தான் ஆகணும்.

"அய்யய்யோ, அந்த 2 மீட்டர் தோட்டம் வீணாப் போச்சே"ன்னு புலம்புறவங்களைப் பார்த்தா எனக்குக் கோபமே வரும். வேலியோட ஒட்டிக் கட்டின மரச் சுவருக்கு வெளிப்பக்கம் எப்படிய்யா சாயம் அடிப்பே? மழையில நனைஞ்சது எப்படிக் காயும்? சுத்தி ஆள் நடக்கற அளவு இடம் இருந்தாத்தான் மரம் பிழைக்கும்.

நீளக் கணக்கும் பலகையிலிருந்துதான் வரும். ரம்ப மேசையில எட்டடிப் பலகையை நீளவாக்குல கிழிக்கணும்னா, ரம்பத்துக்கு முன்னாடி எட்டடி, பின்னாடி எட்டடி, ஆள் நிக்கக் கொஞ்சம். பதினெட்டு அடி வந்துடுது. சுவருக்குள்ள நிக்கிற மரச் சட்டங்களை 16 அங்குலத்துக்கு ஒண்ணோ 24 அங்குலத்துக்கு ஒண்ணோ வெச்சா நாலடிப் பலகையோட ஓரம் சரியாச் சட்டத்து மேல உட்காரும். இஷ்டத்துக்கு வெச்சா ஒவ்வொரு பலகையையும் வெட்டி வெட்டி வீணடிக்க வேண்டியதுதான்.

அடுத்த கேள்வி எனக்குத் தெரியும். "மரம்தானே, எத்தனை வருஷம் தாங்கும்?" ஹீத்ரோ விமான நிலையத்துக்குப் பக்கத்துல ஹார்மண்ட்ஸ்வொர்த்னு ஒரு ஊர். அங்கே 1420கள்ல ஓக் மரத்துல கட்டின தானியக் களஞ்சியம் கிட்டத்தட்ட 58 மீட்டர் நீளத்துக்கு இன்னும் நிக்குது. தூண்களோட அடியைப் பாருங்க. எதுவும் மண்ணைத் தொடாது, ஒவ்வொண்ணும் கல்லு மேல நிக்கும். ரகசியம் ஒண்ணுமில்லை. மரத்தைக் கெடுக்கறது வயசில்லை, கீழே தேங்குற ஈரம். நீங்களும் தளத்து மேல ரெண்டு வரிசை செங்கல் வெச்சு, அது மேல ஈரத்தடுப்புத் தாள் போட்டு, வெளித்தரையிலிருந்து 150 மில்லிமீட்டராவது உசரத்துல முதல் மரத்தை வைங்க. கூரை ஓரத்தை நல்லா வெளியே நீட்டுங்க. சுவர்ப் பலகைக்குப் பின்னாடி காத்துப் போக இடைவெளி விடுங்க.

நம்ம ஆளுங்க இதுல மிச்சம் பிடிச்சு ஓக் தூணுக்குக் கொட்டுவாங்க. ஓக் அழகுதான், நானும் ரசிப்பேன். ஈர ஓக் காயும்போது சுருங்கும், வெடிக்கும். கைதேர்ந்த தச்சர் முளைத் துளையை ஒரு நூல் தள்ளிப் போட்டு, முளை அடிக்கும்போது மூட்டு தானா இறுகற மாதிரி பண்ணிடுவார். அந்த வேலையைப் பார்த்துக்கிட்டே இருக்கலாம். ஆனா ஓக்ல இருக்கிற அமிலம் சாதா இரும்பு ஆணியைத் தின்னுடும், சுத்தி கருங்கறை படியும், துருப்பிடிக்காத எஃகுதான் போடணும். காசு கணக்குப் பார்த்துக் கட்டறவங்களுக்கு சாதா மென்மரச் சட்டமும் மேலே லார்ச் பலகையும் போதும்கிறது என் அபிப்பிராயம். மிஞ்சற காசு தளத்துக்கும் வெப்பக்காப்புக்கும் போகட்டும். குளிர்கால ராத்திரியில வார்ப்பிரும்பு மேசை ஜில்லுன்னு ஆயிடும், காலையில நீங்க ஹீட்டரைப் போட்டதும் காத்துல இருக்கிற ஈரம் எல்லாம் அது மேலதான் போய்ப் படியும். ஒரே வாரத்துல துரு. ஓக் தூண் அதைத் தடுக்காது.

மின்சாரத்தை மட்டும் நீங்களே இழுக்காதீங்க. வீட்டிலிருந்து மண்ணுக்கடியில கவசக் கேபிள், தனி சர்க்யூட், முறையான எலெக்ட்ரீஷியன் கையெழுத்து, அவ்ளோதான்.

ஜன்னலைப் பத்தி வீட்டுல சண்டை வந்தா வடக்குப் பக்கம் கேளுங்க. இந்த ஊர்ல வடக்கு வெளிச்சம் நேரா கண்ணுல அடிக்காது, நாள் பூரா ஒரே சீரா வரும், உளியால கோடு போட்ட இடம் நிழல் விழாம தெரியும். வாஸ்துக்காரர் வேற திசை சொன்னார்னா அந்தப் பக்கம் கதவை வெச்சுடுங்க, நாலடிப் பலகை தாராளமா நுழையற அகலத்துக்கு.