ஏரிக்கணக்கைப் பலகையில் எழுதுங்கள்

நம் கடற்கரையில் மணல் இருந்த காலம் உங்களுக்கும் நினைவிருக்கும். 1980களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர்கள் எழும்பின. தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் அங்கேயே தேங்கிவிட, ஊர்ப்பக்கம் பல ஆண்டுகள் கருங்கல்தான் மிச்சமாக இருந்தது.

1972 முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோள்கள் எடுத்த படங்களை அமெரிக்கா 2008இல் இலவசமாகத் திறந்துவிட்டது. நம் கரை தேய்ந்த கதையைப் பேரன் கணினியில் காட்டுகிறான். அந்நிய நாட்டுப் படமே கைக்கு வரும்போது, நம் வரிப்பணத்தில் அளக்கும் ஊசுட்டேரி, பாகூர் ஏரி நீர்மட்டம் அலுவலகக் கோப்போடு நின்றுவிடக் கூடாது. 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, யாரும் கேட்காமலே வெளியிடச் சொல்கிறது. (குமாஸ்தா புத்தி, பிரிவு எண் மறப்பதில்லை.) வாராவாரம் அந்த அளவைக் கொம்யூன் பஞ்சாயத்துப் பலகையில் தமிழில் எழுதட்டும். நாற்று விடலாமா என்று விவசாயி அதைப் பார்த்து முடிவு செய்துகொள்வார். செலவு ஒரு சாக்பீஸ்.