கவணின் நுனியில் ஒரு பூசணிக்காய்

அமெரிக்காவின் டெலவர் மாநிலத்தில் 1986ஆம் ஆண்டு சில நண்பர்கள் ஒரு விளையாட்டைத் தொடங்கினர். வீட்டிலேயே செய்த பொறிகளைக்கொண்டு பூசணிக்காயை யார் அதிகத் தொலைவு எறிவது என்பதே போட்டி. வெடிமருந்து கூடாது, நடுவானில் காய் சிதறினால் அந்த எறி செல்லாது. காலப்போக்கில் காற்றுப் பீரங்கிகள் பூசணியை ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் வீசின. 2016இல் அத்தகைய பீரங்கியொன்றின் பாகம் பிய்ந்து பறந்து ஒரு பெண் படுகாயமுற்றார். அதன்பின் தடைப்பட்ட போட்டி, 2019இல் இல்லினாய் மாநிலத்துக்கு இடம்பெயர்ந்தது.

உண்ணும் பொருளை வீணடிக்கும் பித்து என்று இதை ஒதுக்கிவிடத் தோன்றும். ஆனால் ஆயுதபூசை நாளில் தெருவெங்கும் பூசணியைப் போட்டுடைத்து, மறுநாள் இருசக்கர வண்டிகள் சறுக்கிவிழக் காரணமாகும் நமக்கு அந்த ஏளனம் பொருந்துமா? நாம் கவனிக்க வேண்டியது காயை அன்று, அதை எறியும் பொறியை.

அங்கே புழங்கும் பொறிகளில் ஒன்று இடைக்கால ஐரோப்பாவில் கோட்டைகளைத் தகர்த்த எடைப்பொறி. நீண்ட மரக்கையின் ஒரு முனையில் பெரும்பாரம். மறுமுனையில் கயிறும் பையும். பாரம் இறங்கக் கை எழும். கை எழ, பை சுழன்று கல்லை விடுவிக்கும். அந்தக் கயிறும் பையும் வேறொன்றுமில்லை, நம் கவணேதான். சிலப்பதிகாரம் மதுரைக் கோட்டையின் பொறிகளை அடுக்கும்போது கல்லெறியும் கவணையும் சேர்த்தே சொல்கிறது. குறிஞ்சிப் பாடல்களில் தினைப்புனம் காக்கும் பெண்களின் கையில் தழலும் தட்டையும் குளிரும் இருக்கின்றன. புனங்காவலில் கவணுக்கும் இடமுண்டு. போருக்கும் பயிருக்கும் பொதுவாயிருந்த கருவி அது.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் மானாவாரி நிலங்கள் அக்காவல் மரபின் தொடர்ச்சியைத் தாங்கியவை. கம்பும் சோளமும் விளைந்த புன்செயில் இன்று மக்காச்சோளமும் பருத்தியும் நிற்கின்றன. கிளியும் மயிலும் பன்றியும் வருவது நிற்கவில்லை; பரணும் கவணும்தாம் நின்றுபோயின. பழைய சேலைகளும் மினுங்கும் நாடாக்களும் பட்டாசும் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டன. இளையவர்களிடம் கவண் என்றால் ரப்பர் பூட்டிய கவட்டையைக் காட்டுகிறார்கள். உண்டிவில்லும் கவட்டையும் கவணும் வெவ்வேறு கருவிகள் என்னும் பேதம்கூட நம் பேச்சிலிருந்து கழன்றுகொண்டிருக்கிறது. கருவி போனால் அதனோடு கையின் அறிவும் போகும். எந்தக் கணத்தில் கயிற்றின் ஒரு முனையை நழுவவிடுவது என்பதை எந்த அகராதியும் கற்றுத்தர முடியாது.

ஆகவே பூசணிப் போட்டியை இறக்குமதி செய்ய வேண்டாம். கவணெறிதலை விளையாட்டாக மீட்கலாம் என்பதே எங்கள் கட்சி. இது வெறுங்கனவன்று. மயோர்க்கா முதலிய பலேரிக் தீவுகளில் கவண் எறிதல் இன்றும் விதிமுறைகளோடு நடக்கும் போட்டி. நம் சிலம்பமே 2024 ஜனவரியில் தமிழகத்தில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளில் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. உறியடிக்கும் வழுக்குமரத்துக்கும் இடங்கொடுக்கும் பொங்கல் விழாக்களில் கவணுக்கும் ஒரு மணிநேரம் ஒதுக்கினால் என்ன? அறுவடை முடிந்த வெற்றுநிலம், களிமண் உருண்டை, எல்லைக்கயிறு, இவை போதும். பள்ளி மாணவர்கள் சிறிய எடைப்பொறியைச் செய்துபார்த்தால், நெம்புகோலின் பாடம் புத்தகத்தைவிட்டு வெளியே வரும்.

எதிர்வாதம் ஒன்றுண்டு, அது வலுவானதும்கூட. கவண் மீண்டால் பறவைகளுக்கு ஆபத்து என்பார்கள். அரியலூர் மாவட்டத்தின் கரைவெட்டி 1999இல் பறவைகள் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. 2024இல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. வரித்தலை வாத்து கடல்மட்டத்துக்கு வெகு உயரத்தே இமயத்தைக் கடந்து அங்கு வருகிறது. அதன்மீது ஒரு கல் படுவதற்கு இவ்விளையாட்டு காரணமாகுமெனில், விளையாட்டே வேண்டாம். எனவே முதல் விதியை இப்படி வகுப்போம்: உயிரை இலக்காக்குபவர் களத்துக்குள் நுழையக்கூடாது. புனங்காவலின் நோக்கமும் கொல்வதன்று, விரட்டுவதே. அந்த வேறுபாட்டை அறிந்த முதியவர்கள் சிற்றூர்களில் இன்னும் இருக்கலாம். அவர்களைத் தேடிச்சென்று கேட்பதற்கு நமக்குள்ள காலம் அதிகமில்லை.