போக்கர் 'பயிற்சியாளர்' யாரிடம் ஜெயிக்கிறார்?

பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றியது. 20-ம் தேதி மக்களவை, 21-ம் தேதி மாநிலங்களவை, 22-ம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் என்று மூன்றே நாட்களில் எல்லாம் முடிந்தது. ரம்மி, போக்கர் நடத்தி வந்த பெரிய நிறுவனங்கள் அடுத்தடுத்துத் தங்கள் பண ஆட்டங்களை நிறுத்தின. சூதாட்டத்தால் குடும்பங்கள் சிதைவதைப் பார்த்து வேதனைப்பட்ட அனைவருக்கும் அது நிம்மதி தந்த செய்தி.

ஆனால் கடை மூடப்பட்டதும் தரகர்கள் ஊரைவிட்டுப் போய்விடவில்லை. யூடியூபில் பாடம் நடத்தி, டெலிகிராமில் குழு வைத்து, "இது சூது அல்ல, கணக்கு; நான் சொல்லித் தருகிறேன், மாதச் சம்பளம் போல் சம்பாதிக்கலாம்" என்று இளைஞர்களை அழைக்கும் போக்கர் பயிற்சியாளர்களைப் பற்றித்தான் சொல்கிறோம். நிறுவனங்கள் மீது விழுந்த வெளிச்சம் இவர்கள் மீது விழவில்லை. வேலை தேடிக் கொண்டிருக்கும் பட்டதாரி, விடுமுறையில் வந்திருக்கும் வளைகுடா ஊழியர், விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர் ஆகியோரே இவர்களுடைய முதல் இலக்கு. எனவே இந்தப் 'பயிற்சி' எப்படி நடக்கிறது, யாருக்கு லாபம் என்பதைக் கொஞ்சம் விளக்கமாகப் பார்ப்போம்.

மேசைக்கு வெளியிலிருந்து பணம் வருவதில்லை

போக்கரில் ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாகத் தரப்படும். நடுவில் ஐந்து சீட்டு பொதுவாக விரிக்கப்படும். ஒவ்வொரு கட்டத்திலும் பணம் வைக்க வேண்டும். இல்லையென்றால் விலகிக்கொள்ள வேண்டும். எப்போது வைப்பது, எப்போது விலகுவது என்பதில் திறமைக்கு இடம் உண்டு. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் திறமை இருப்பதால் எல்லோரும் சம்பாதிக்கலாம் என்று சொல்வதுதான் பொய்.

ஓர் உதாரணக் கணக்கு போடுவோம். ஆறு பேர் ஆளுக்கு 1,000 ரூபாயுடன் உட்காருகிறார்கள். மேசையில் இருப்பது 6,000 ரூபாய். ஒவ்வொரு ஆட்டத்திலும் சேரும் தொகையில் ஒரு சிறு பங்கை, மேசைக் கமிஷனாக, நடத்துபவர் எடுத்துக்கொள்கிறார். இரவு முடியும்போது அப்படி 600 ரூபாய் போயிருந்தால், ஆறு பேருக்கும் மிச்சம் 5,400. யார் எவ்வளவு ஜெயித்தாலும் ஆறு பேரும் சேர்ந்து 600 ரூபாய் தோற்றிருக்கிறார்கள். மறுநாளும் அதே கதைதான். வியாபாரத்தில் பொருள் கைமாறும், விவசாயத்தில் நெல் விளையும். இங்கே எதுவும் விளைவதில்லை. ஒருவர் வீட்டுக்கு எடுத்துச் செல்லும் ஒவ்வொரு ரூபாயும் இன்னொருவர் வீட்டிலிருந்து வந்தது.

இந்த மேசைக்கு நூறு பேரைப் பயிற்சி கொடுத்து அனுப்பினால் மேசையில் உள்ள பணம் பெருகுமா? பெருகாது. கமிஷன் மட்டும்தான் பெருகும்.

வெற்றிப் படங்கள் எங்கிருந்து வருகின்றன?

"அவருடைய மாணவர் ஒருவர் ஒரே மாதத்தில் இரண்டு லட்சம் எடுத்தாராம், ஆதாரம் பார்த்தேன்" என்று சிலர் சொல்வார்கள். அந்த ஆதாரம் உண்மையாகவே இருக்கலாம். 64 பேரை நிறுத்தி ஆளுக்கொரு நாணயத்தைச் சுண்டச் சொல்லுங்கள். தலை விழுந்தவர்கள் மட்டும் அடுத்த சுற்றுக்கு வரட்டும். 64 பேர் 32 ஆவார்கள்; பிறகு 16, 8, 4, 2. ஆறாவது சுற்றின் முடிவில் சராசரியாக ஒருவர், ஆறு முறையும் தலை போட்டவராக நிற்பார். அவரிடம் எந்தத் திறமையும் இல்லை. ஆனால் அவரைப் பேட்டி எடுத்தால், நாணயம் சுண்டும் கலையைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார்.

போக்கரில் சில நூறு ஆட்டங்களின் முடிவை வைத்து ஒருவரின் திறமையை எடைபோட முடியாது. குறுகிய காலத்தில் அதிர்ஷ்டத்தின் கை மிகவும் ஓங்கியிருக்கும். நூறு மாணவர்களைச் சேர்த்தால் முதல் மாதத்தில் சிலர் நிச்சயம் லாபத்தில் இருப்பார்கள். அவர்களுடைய படங்கள் குழுவில் வரும். தோற்றவர்கள் வெட்கப்பட்டு வாய் மூடிக்கொள்வார்கள். வாய் திறந்தால் குழுவிலிருந்து நீக்கப்படுவார்கள். புதிதாக வருபவருக்குத் தெரிவதெல்லாம் ஜெயித்தவர்களின் ஊர்வலம் மட்டுமே.

பயிற்சியாளரின் வருமான வழிகள்

முதல் வழி, பயிற்சிக் கட்டணம். மாணவர் ஜெயித்தாலும் தோற்றாலும் அது அவருக்கு வந்துவிடும்.

இரண்டாவது, ஆள் சேர்ப்புக் கமிஷன். "இந்த இணைப்பு வழியாகக் கணக்குத் தொடங்குங்கள், போனஸ் கிடைக்கும்" என்பார். அந்த இணைப்பு வழியாகச் சேர்ந்தவர் கட்டும் மேசைக் கமிஷனில் ஒரு பங்கு அவருக்கு வரும். மாணவர் எவ்வளவு அதிகம் ஆடுகிறாரோ அவ்வளவு வருமானம். ஆகவே "இன்று போதும், நிறுத்து" என்று சொல்வது அவருக்கு நஷ்டம். இந்த ஏற்பாட்டை மாணவரிடம் மறைப்பவரை நேர்மையானவர் என்று எப்படிச் சொல்வது?

மூன்றாவது, 'லாபப் பங்கு' ஒப்பந்தம். "கட்டணமே வேண்டாம், ஆடுவதற்கு முதலும் நானே போடுகிறேன், லாபத்தில் பாதி கொடு" என்பார். கேட்கும்போது பெருந்தன்மை போல் இருக்கும். இத்தகைய ஒப்பந்தங்களில் நஷ்டம் மாணவரின் கணக்கில் பாக்கியாக ஏறும் வழக்கம் உண்டு. அந்தப் பாக்கியை ஆடியே தீர்க்க வேண்டும். அதுவரை கையில் ஒரு காசும் வராது. நடுவில் விலகினால் முழுத் தொகையையும் கட்டு என்று மிரட்டுவதற்கும் அந்தக் காகிதமே பயன்படும்.

நான்காவதுதான் மிகவும் ஆபத்தானது. மாணவரின் ஆதார், பான், வங்கிக் கணக்கு விவரங்களை வாங்கி, அவர் பெயரிலேயே கணக்குத் தொடங்கிப் பயிற்சியாளரே ஆடுவது. வருமான வரித் துறையோ சைபர் கிரைம் காவல்துறையோ விசாரிக்க வரும்போது காகிதத்தில் இருப்பது மாணவரின் பெயர்தான். இதோடு சேர்த்து, "நீ ஆடும்போது திரையைப் பகிர், நான் பார்த்துத் திருத்துகிறேன்" என்றும் கேட்பதுண்டு. அதே மேசையில் அவருடைய கூட்டாளி ஒருவர் உட்கார்ந்திருந்தால், மாணவரின் மறைவான இரண்டு சீட்டும் எதிராளிக்குத் தெரிந்துவிட்டது என்று பொருள்.

பெரிய பெயர்கள் பாதுகாப்பு தரவில்லை

"எங்கள் பயிற்சியாளர் வெளிநாட்டுப் போட்டிகளில் ஜெயித்தவர்" என்று சொல்பவர்களுக்கு, இந்தத் தொழிலின் தாயகமான அமெரிக்காவில் நடந்ததை நினைவூட்டுகிறோம்.

ஃபுல் டில்ட் போக்கர் என்ற தளம் 2004-ல் தொடங்கப்பட்டது. புகழ்பெற்ற ஆட்டக்காரர்களிடம் கற்றுக்கொள்ளலாம், அவர்களுடனேயே ஆடலாம் என்பதுதான் அதன் விளம்பரம். அதன் நிறுவனர்களில் ஒருவரான ஹோவர்ட் லெடரருக்கு 'பேராசிரியர்' என்றே பட்டப்பெயர். 2011 ஏப்ரல் 15 அன்று அமெரிக்க அரசு அந்தத் தளத்தின் மீது நடவடிக்கை எடுத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் அரசுத் தரப்பு நீதிமன்றத்தில் வைத்த குற்றச்சாட்டு உலகையே அதிர வைத்தது. ஆட்டக்காரர்களுக்குத் தர வேண்டியது சுமார் 39 கோடி டாலர். வங்கியில் இருந்ததோ சுமார் 6 கோடி டாலர்தான். உரிமையாளர்களுக்கு மட்டும் சில ஆண்டுகளில் 44 கோடி டாலருக்கு மேல் பிரித்துக் கொடுக்கப்பட்டிருந்தது. லெடரர் தவறை ஒப்புக்கொள்ளாமலேயே 2012-ல் அரசுடன் சமரசம் செய்துகொண்டார்; 2016-ல் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்.

அல்டிமேட்பெட் என்ற இன்னொரு தளத்தில், எதிராளிகளின் மறைவான சீட்டுகளைப் பார்க்கும் வசதியை மென்பொருளுக்குள்ளேயே வைத்து மோசடி நடந்தது. இதற்குப் பொறுப்பானவர் ரஸ் ஹாமில்டன் என்று அந்தத் தளத்துக்கு உரிமம் தந்த கனடாவின் கானவாகே சூதாட்ட ஆணையம் 2008-ல் அறிவித்தது. அவர் 1994-ன் உலகப் போக்கர் சாம்பியன். ஆட்டத்தில் கிடைத்த பட்டம் நேர்மைக்குச் சான்றிதழ் ஆகாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை.

நம் நாட்டிலேயே, பங்குச் சந்தைப் பயிற்சியில் இதே பாணியைக் கண்டோம். 'பாப் ஆஃப் சார்ட்' என்ற பெயரில் பாடம் நடத்தியவர் மீது செபி 2023 அக்டோபரில் இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. பயிற்சி என்ற பெயரில் வசூலித்த சுமார் 17 கோடி ரூபாயைத் தனிக் கணக்கில் வைக்கச் சொன்னது. லாபம் நிச்சயம் என்று மற்றவர்களுக்கு ஆசை காட்டிய அவர், 2021 ஜனவரி முதல் 2023 ஜூலை வரை சொந்த வர்த்தகத்தில் சுமார் 2.9 கோடி ரூபாய் நஷ்டத்தில் இருந்ததாகச் செபி கண்டறிந்தது. சந்தையில் தோற்றவருக்கு மாணவர்களிடம் அறுவடை.

பங்குச் சந்தைக்குச் செபி இருக்கிறது. போக்கர் பயிற்சியாளரின் வரவு செலவைத் தோண்டிப் பார்க்க அப்படி ஓர் அமைப்பு இல்லை. இவரைப் பற்றிய உண்மை, ஏமாந்தவர்கள் வாய் திறந்தால்தான் வெளியே வரும்.

'நீதிமன்றமே சொல்லிவிட்டது' என்ற வாதம்

தமிழ்நாட்டில் இணையச் சூதாட்டத்தால் தற்கொலைகள் தொடர்ந்ததால்தான் 2022-ல் நீதியரசர் சந்துரு தலைமையில் அரசு குழு அமைத்தது. பிறகு தடைச் சட்டமும் வந்தது. 2023 நவம்பரில் அந்தச் சட்டத்தை ஆராய்ந்த சென்னை உயர் நீதிமன்றம், சட்டம் செல்லும் என்று கூறியது. ஆனால் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டுப் பட்டியலில் சேர்த்தது செல்லாது என்றது. பயிற்சியாளர்கள் இதன் பின்பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு, "திறமை விளையாட்டு என்று நீதிமன்றமே சொல்லிவிட்டது" என்று விளம்பரம் செய்தார்கள்.

2025-ன் மத்தியச் சட்டம் இந்த வாதத்தின் வேரையே வெட்டிவிட்டது. திறமையா, அதிர்ஷ்டமா, இரண்டும் கலந்ததா என்று அது பார்ப்பதில்லை. பணம் கட்டிப் பணம் எதிர்பார்த்து ஆடினால் அது தடைக்குள் வரும். நடத்துபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்பவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம். ஆடியவரை அந்தச் சட்டம் தண்டிக்கவில்லை. ஆள் சேர்ப்பு இணைப்பைப் பரப்பும் பயிற்சியாளர் தாம் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று யோசித்துக்கொள்ளட்டும்.

முஸ்லிம்களாகிய நமக்கு இந்தச் சட்ட விவாதம் முடியும் வரை காத்திருக்கத் தேவையே இல்லை. அல்மாயிதா அத்தியாயத்தின் 90, 91 வசனங்கள் மதுவோடு சேர்த்தே சூதையும் தடுக்கின்றன. பகையையும் வெறுப்பையும் மூட்டுவதும், இறை நினைவிலிருந்தும் தொழுகையிலிருந்தும் தடுப்பதும் அங்கே காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. ஆடுபவர் கெட்டிக்காரரா என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. நள்ளிரவு வரை ஆடிவிட்டு ஃபஜ்ரைத் தவறவிடும் மகனையும், கைபேசியைக் கேட்டால் தாயிடமே சீறும் மகனையும் பார்த்தவர்களுக்கு அந்தக் காரணங்களுக்கு விளக்கவுரை வேண்டியதில்லை. தடுக்கப்பட்ட ஒன்றைக் கற்றுத் தந்து வாங்கும் கூலியும் தூய்மையானதாக இருக்க முடியாது.

தடைக்குப் பிறகு ஆபத்து கூடியிருக்கிறது

தடைக்கு முன்பு நிறுவனம் என்று ஒன்று இருந்தது, முகவரி இருந்தது, வரிப் பிடித்தம் இருந்தது. இப்போது பயிற்சியாளர் காட்டும் வழி வெளிநாட்டுத் தளம், அல்லது முகவர்கள் நடத்தும் தனியார் 'கிளப்' செயலி. செயலியில் வெறும் புள்ளிகள் மட்டுமே ஓடும். பணம், முன்பின் தெரியாத ஒருவரின் யூ.பி.ஐ. எண்ணுக்கோ கிரிப்டோ நாணயமாகவோ தனியாகக் கைமாறும். ஜெயித்த பணத்தை முகவர் தர மறுத்தால் எந்தக் கதவைத் தட்டுவது? பணம் வந்த கணக்கு வேறொரு மோசடியில் சிக்கியிருந்தால் நம் வங்கிக் கணக்கும் சேர்ந்து முடக்கப்படலாம்.

ஆகவே யாரேனும் நம்மை அணுகினால் சில கேள்விகளைக் கேட்போம். ஒரு மாதப் படத்தை விட்டுவிட்டு, பல ஆண்டுகளின் முழுக் கணக்கையும் காட்டுவாரா? உங்கள் வருமானத்தில் ஆட்டத்திலிருந்து வருவது எவ்வளவு, எங்களிடமிருந்து வருவது எவ்வளவு? சேர்ந்த மாணவர்களில் தோற்றவர்கள் எத்தனை பேர், அவர்களோடு பேச முடியுமா? இவற்றுக்கு நேரடிப் பதில் தரும் ஒருவரைக் காண்பது அரிது. நேரடிப் பதில் தந்தாலும் அந்த மேசைக்குப் போகக் கூடாது என்பதுதான் நம் நிலை. ஆனால் இந்தக் கேள்விகள், மயங்கி நிற்கும் ஓர் இளைஞரை விழிக்கச் செய்யும்.

ஏற்கெனவே சிக்கியவர்கள், விட்டதைப் பிடிக்க இன்னும் ஓர் ஆட்டம் ஆடாதீர்கள். உரையாடல்கள், பணம் அனுப்பிய ரசீதுகள், பயிற்சியாளரின் எண் அனைத்தையும் அழிக்காமல் வையுங்கள். வங்கிக்குத் தெரிவியுங்கள், 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் உடனே புகார் செய்யுங்கள். ஆதாரும் பானும் கொடுத்திருந்தால் வழக்கறிஞர் ஒருவரைக் கலந்து கொள்ளுங்கள். "இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், முன்பணம் அனுப்புங்கள்" என்று வருபவர்களை நம்பாதீர்கள். அது அடுத்த வலை. வாழ்வே வெறுத்துப்போனது போல் தோன்றினால் 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் பேசலாம்.

பெற்றோர்களுக்கும் ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் நம் வேண்டுகோள் ஒன்றுதான். நகையை அடகு வைத்துவிட்டு நிற்கும் மகனை ஊர் முன் நிறுத்தி அவமானப்படுத்தாதீர்கள். அவமானத்துக்குப் பயந்து அவன் மறைக்கும் ஒவ்வொரு நாளும் அந்தப் பயிற்சியாளருக்கு இன்னொரு மாணவர் கிடைக்கிறார். ஜும்ஆ உரைகளில் வட்டியைப் பற்றிப் பேசுவது போல் இந்த 'கிளப்' செயலிகளைப் பற்றியும், பெயர் சொல்லி அழைக்கும் டெலிகிராம் குழுக்களைப் பற்றியும் பேசுங்கள். ஏமாந்தவர் தயக்கமின்றி வந்து சொல்ல, மஹல்லாவில் நம்பிக்கையான இரண்டு பேரையாவது நியமியுங்கள். அவர் சொல்வதைக் கேட்டு, புகார் கொடுக்க உடன் போங்கள்.