தொட்டுப் பார்த்தால்தான் வைத்தியமா?

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி, நரிக்குடி, வீரசோழன் வரை விரிந்து கிடக்கும் வானம் பார்த்த பூமியில், மருத்துவம் குறித்து ஆழ வேரூன்றிய நம்பிக்கை ஒன்று உண்டு. நோயாளியை எதிரில் உட்கார வைத்து, நாடி பிடித்து, நெஞ்சில் குழாய் வைத்து, முடிந்தால் ஓர் ஊசியும் போட்டு அனுப்புவதே வைத்தியம் என்றும், தொலைபேசியிலோ காணொலியிலோ மருத்துவர் பேசுவது நாதியற்றவர்களுக்கு ஒப்புக்குச் செய்யப்படும் ஏற்பாடு என்றும் அது கூறுகிறது. எழுத்தறியாதவர்களின் எண்ணம் என்று இதை ஒதுக்கிவிட இயலாது. பட்டம் பெற்ற மருத்துவர் பலரும் இதையே நாகரிகமான சொற்களில் சொல்லி வருகின்றனர். தொலை மருத்துவ ஆலோசனை, அதாவது நோயாளியும் மருத்துவரும் வெவ்வேறு இடங்களில் இருந்தபடி தொலைபேசி, காணொலி, எழுத்துச் செய்தி ஆகியவற்றின் வழியே நடத்தும் கலந்தாய்வு, நேரில் காண்பதைவிட எந்நிலையிலும் ஒரு படி தாழ்ந்தது என்பதே அதன் சாரம். இந்த நம்பிக்கை தவறானது என்பதோடு, கரிசல் காட்டு நோயாளிக்கு நேரடியாகத் தீங்கு செய்வதும் ஆகும்.

தொடுதல் பற்றிய வாதத்தை அதன் சொந்தக் களத்திலேயே சந்திக்கலாம். மரபின் பெயரால் நாடி பிடிப்பதை உயர்த்திப் பேசுவோர், சித்த மருத்துவம் நோயறிவதற்கு வகுத்த எண்வகைத் தேர்வை முழுதாக எண்ணிப் பார்ப்பதில்லை. நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், சிறுநீர் ஆகிய எட்டில் நோயாளியின் உடல்மீது வைத்தியரின் கை பட்டே ஆக வேண்டியவை முதல் இரண்டு மட்டுமே. நாவும் நிறமும் விழியும் கண்ணால் காண்பன; மொழி காதால் கேட்பது; மலமும் சிறுநீரும் உடலை விட்டு நீங்கிய பின் தனியே ஆராயப்படுவன. சிறுநீரில் ஒரு துளி எண்ணெயை விட்டு, அது பரவும் விதத்தைக் கொண்டு நோயைக் கணிக்கும் நெய்க்குறி என்னும் முறைக்கு, நோயாளி பக்கத்து அறையில் இருக்க வேண்டிய தேவைகூட இல்லை. இம்முறைகளின் துல்லியம் வேறு விவாதம். தொடாமல் அறிவதை நம் வைத்திய மரபு ஒருபோதும் இழிவாகக் கருதவில்லை என்பதே இங்கு வேண்டுவது. இன்றைய மருத்துவமும் இதே வழியில் நெடுந்தூரம் சென்றுவிட்டது. சர்க்கரை நோயாளியின் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்பதைக் காட்டும் கிரியாட்டினின் அளவை எந்த மருத்துவரின் விரலும் தடவிக் கண்டதில்லை. அது ஆய்வகத்திலிருந்து ஒரு தாளில் வரும் எண்.

அப்படியானால், நேரில் போனவர்களையாவது மருத்துவர் தொட்டுப் பார்க்கிறாரா? பல நாடுகளில் முதல்நிலை மருத்துவ ஆலோசனைக்குச் செலவாகும் நேரத்தைத் தொகுத்து 2017இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ்க் குழுமத்தின் ஆய்விதழ் ஒன்றில் வெளியான கட்டுரை, சுவீடனில் அது 22.5 நிமிடம் என்றும், வங்கதேசத்தில் 48 விநாடி என்றும், இந்தியாவில் ஏறத்தாழ 2 நிமிடம் என்றும் காட்டியது. இரண்டு நிமிடத்தில் பெயர் கேட்டு, பழைய சீட்டைப் புரட்டி, புதிய சீட்டு எழுதியது போக எஞ்சுவது என்ன என்பது, புற நோயாளிப் பிரிவில் வரிசையில் நின்ற எவருக்கும் தெரியும். டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை என்று திரும்பும் வழியில் நொந்துகொள்ளும் அதே வாய்தான், தொட்டுப் பார்க்காத வைத்தியம் வைத்தியமா என்றும் கேட்கிறது.

அந்த இரண்டு நிமிடத்துக்குக் கரிசல் காட்டு நோயாளி கொடுக்கும் விலையைக் கணக்கிட்டால்தான் விவாதம் தரைக்கு வரும். சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் சேர்ந்துள்ள, நரிக்குடிப் பக்கத்து மூதாட்டி ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வேண்டும் என்பதால் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் முதல் பேருந்துக்கு நிற்கிறார், திருச்சுழியில் இறங்கி, அருப்புக்கோட்டைக்கு வேறு பேருந்து ஏறுகிறார், ஓ.பி. சீட்டுக்கு ஒரு வரிசை, ரத்தம் எடுக்க ஒரு வரிசை, வெளியே வந்து இரண்டு இட்லி, அதன் பிறகு இரண்டு மணி நேரம் வேப்பமர நிழல், மறுபடியும் ரத்தம், பிறகு மருத்துவர், கடைசியாக மாத்திரை வரிசை. வீடு திரும்பும்போது பொழுது சாய்ந்திருக்கும். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குப் பயணம் இலவசம் என்பதால் பேருந்துச் செலவு ஓரளவு குறைந்திருக்கலாம். அந்த நாளின் கூலியை யாரும் திருப்பித் தருவதில்லை. நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2024-25ஆம் ஆண்டுக்கு நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி 319 ரூபாய். துணைக்கு மகனோ மகளோ வந்தால் இரண்டு கூலி போயிற்று. அருப்புக்கோட்டையில் தறியில் உட்காருகிறவருக்கோ சேலைக் கணக்கில்தான் கூலி. தறி நின்ற நாள் கணக்கிலேயே வராது. மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்குச் செல்ல நேர்ந்தால், ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவும் மேலும் ஒரு பேருந்து மாற்றமும் சேர்ந்துகொள்ளும்.

இந்தச் செலவின் விளைவு மருத்துவ நூல்களில் ஒழுங்கின்மை என்ற பெயரில் வருகிறது. பருத்தி எடுப்பிலும் உளுந்து பிடுங்கும் காலத்திலும் ஆஸ்பத்திரிக்கு நாள் ஒதுக்க முடியாதவர்கள், போன தடவை எழுதிக் கொடுத்த மாத்திரையையே மெடிக்கலில் காட்டி வாங்கிக்கொள்வார்கள். அல்லது கையிலிருப்பதை நாள்விட்டு நாள் போட்டுக்கொள்வார்கள். மயக்கம் வந்து விழும்போது மட்டும் வண்டி பிடிப்பார்கள். சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் ஒரே சந்திப்பில் தீருகிற நோய்களல்ல. ஆண்டுக்குப் பல முறை அளவு பார்த்து மருந்தைக் கூட்டியும் குறைத்தும் ஆயுள் முழுதும் நடத்த வேண்டியவை. அவற்றின் முதல் சந்திப்பு நேரில் நடப்பது நல்லது. ஆனால் அடுத்தடுத்த ஒவ்வொரு சந்திப்பும் நேரில்தான் நடக்க வேண்டும் என்ற பிடிவாதமே, அந்தச் சந்திப்புகள் நடக்காமலே போவதற்குக் காரணமாகிறது. நேர்ச் சந்திப்பையும் தொலைச் சந்திப்பையும் ஒப்பிடுவோர் தவறவிடும் உண்மை இதுதான். பெரும்பாலான கிராமங்களில் தொலை ஆலோசனைக்கு மாற்றாக இருப்பது நேர் ஆலோசனையன்று. ஆலோசனையே இல்லாத நிலை.

தொலை ஆலோசனை பற்றாக்குறைக்குப் பரிகாரம் என்பதோடு நின்றுவிடுவதுமில்லை. சிலவற்றில் நேர்ச் சந்திப்பையே விஞ்சுகிறது. வெள்ளை அங்கியைக் கண்டதும் படபடப்பில் ரத்த அழுத்தம் ஏறிக் காட்டுவது மருத்துவர்கள் நன்கு அறிந்த சிக்கல். வீட்டில் அமைதியாக உட்கார்ந்து பல நாட்கள் எடுத்த அளவுகள், மருத்துவமனையில் ஒரே ஒரு முறை எடுத்த அளவைவிட நம்பகமானவை. இங்கிலாந்தில் 142 மருத்துவகங்களின் நோயாளிகள் 1,182 பேரை வைத்து நடத்தி, 2018இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வில், வீட்டில் அளந்த எண்களைக் கொண்டு மருந்து சரிசெய்யப்பட்டவர்களின் மேல் அழுத்தம் ஓராண்டு முடிவில் சராசரியாக 137 ஆகவும், எண்களைத் தொலைவழியே அனுப்பியவர்களுக்கு 136 ஆகவும், வழக்கம்போல் மருத்துவகத்தில் மட்டும் அளக்கப்பட்டவர்களுக்கு 140.4 ஆகவும் இருந்தது.

மாத்திரை விஷயத்திலும் இதே கதைதான். புற நோயாளிப் பிரிவில், என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்ற கேள்விக்கு, சின்ன வெள்ளை மாத்திரை ஒன்று, நீள மாத்திரை ஒன்று என்பதே வழக்கமான பதில். காணொலியிலோ நோயாளி தன் வீட்டில் இருக்கிறார்; மாத்திரை அட்டைகளைத் திணித்து வைத்திருக்கும் பாலித்தீன் பை அலமாரியில் எட்டும் தூரத்தில் இருக்கிறது. அதைக் கட்டிலில் கொட்டச் சொல்லி ஒவ்வோர் அட்டையாகக் கைபேசிக்கு நேரே காட்டச் சொன்னால், அரசு மருத்துவமனை கொடுத்த மெட்பார்மினும், தனியார் மருத்துவர் வேறு பெயரில் எழுதிய அதே மெட்பார்மினும், மூட்டு வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கிய, சிறுநீரகத்துக்குக் கேடான வலி மாத்திரையும் ஒன்றாக வெளிவரும்.

பக்கத்து மதுரையின் அனுபவம் இன்னும் வலுவான சான்று. எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரம் என்ற கரிசல் கிராமத்தில் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 2000ஆம் ஆண்டுகளின் நடுவிலிருந்து சிற்றூர்களில் பார்வை மையங்களை நிறுவி வருகிறது. அங்கே பயிற்சி பெற்ற பணியாளர் ஒருவர் நோயாளியின் கண்ணைக் கருவியால் சோதித்து, படமெடுத்து அனுப்ப, மருத்துவர் தம் மருத்துவமனையில் இருந்தபடி காணொலியில் நோயாளியிடம் பேசி முடிவு கூறுகிறார். அறுவை தேவைப்படுவோர் மட்டும் மருத்துவமனைக்குப் பயணிக்கின்றனர். இங்கே தொடுதல் ஒழிக்கப்படவில்லை; தொடும் கை நோயாளியின் ஊரிலும், தீர்ப்புச் சொல்லும் மூளை நகரத்திலும் எனப் பிரிக்கப்பட்டிருக்கிறது. தொலை மருத்துவம் என்றாலே தனியே ஒரு கைபேசியோடு நோயாளி திண்டாடும் காட்சியை மனத்தில் வரைந்து கொண்டு எதிர்ப்பவர்கள், இந்தப் பிரிவினையைக் கவனிப்பதே இல்லை.

உயிர் போகும் அவசரத்தில் தொலை மருத்துவம் உதவாது என்ற வாதமும் பாதிதான் உண்மை. நெஞ்சு வலி வந்தவரை உடனே வண்டியில் ஏற்ற வேண்டும் என்பதில் ஐயமில்லை; ஆனால் எந்த ஊருக்கு ஏற்றுவது என்பதை முடிவு செய்வது இசிஜி, அதாவது இதயத்தின் மின்னோட்டத்தை வரைந்து காட்டும் சோதனை. தமிழ்நாட்டில் சிறு மருத்துவமனைகளைப் பெரிய இதய மையங்களோடு இணைத்து, இசிஜியைத் தொலைவழியே அனுப்பியும் ஆம்புலன்ஸ் சேவையை ஒருங்கிணைத்தும் நடத்தப்பட்ட திட்டம் ஒன்றின் முடிவுகள் 2017இல் அமெரிக்க இதயவியல் ஆய்விதழ் ஒன்றில் வெளியாயின. கடும் மாரடைப்பு கண்டவர்களில் ஓராண்டுக்குள் இறந்தோர் விகிதம் 17.6இலிருந்து 14.2 விழுக்காடாகக் குறைந்திருந்தது. பல மாற்றங்களின் கூட்டு விளைவு இது. தொலைவழி இசிஜி அதில் ஒரு கண்ணி.

எதிர்ப்புக்கு நியாயமான இடமும் உண்டு. கட்டுவிரியன் கடித்தவருக்கும், வயிறு கல்லாகிப் போனவருக்கும், பிரசவ வலி கண்டவருக்கும் காணொலியில் வைத்தியம் பார்ப்பது குற்றம். பிரசவத்துக்குப் பின் நலம் குன்றி மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட பெண்ணுக்கு, மருத்துவர் ஊரில் இல்லாத நிலையில் தொலைபேசி வழியே சிகிச்சை கூறப்பட்டு, அப்பெண் இறந்த வழக்கில், மும்பை உயர் நீதிமன்றம் 2018இல் மருத்துவர்களுக்கு முன்ஜாமீன் மறுத்தது. அத்தகைய வழக்கில் சிக்கும் அச்சம் மருத்துவர் பலரைத் தொலைபேசியிலிருந்து விலக வைத்தது. தொலை ஆலோசனை குறித்த சட்டத்தின் மௌனம் 2020 மார்ச் 25 அன்று கலைந்தது. இந்திய மருத்துவக் குழுமத்தின் இடத்தில் அப்போது பொறுப்பிலிருந்த ஆளுநர் குழு அன்று வெளியிட்ட தொலை மருத்துவ நெறிமுறைகள், மருந்துகளையே வகை பிரித்தன: பாராசிட்டமால், உப்புச்சர்க்கரைக் கரைசல் போன்றவற்றை எவ்வழியிலும் பரிந்துரைக்கலாம், வேறு சிலவற்றை முதல் ஆலோசனையில் காணொலியில் கண்ட பின்னரே எழுதலாம், சிலவற்றை அதே நோய்க்கு முன்பே நேரில் பார்க்கப்பட்டவருக்கு மட்டும் கூடுதலாகச் சேர்க்கலாம், போதைப்பொருள் சட்டத்தின்கீழ் வரும் மருந்துகளை எழுதவே கூடாது. நேரில் வந்தே தீர வேண்டும் என்று சொல்லி ஆலோசனையை நிறுத்தும் உரிமையும் கடமையும் மருத்துவருக்கு உண்டு. நேர்ச் சந்திப்பை வலியுறுத்துவோர் கேட்கும் எல்லைக்கோடு ஏற்கெனவே போடப்பட்டுவிட்டது. அதைப் படிக்கத்தான் ஆள் இல்லை.

கண்ணால் பார்ப்பதைப் பெரிதாகப் பேசும், அருப்புக்கோட்டை அடங்கிய விருதுநகர் மாவட்டத்தில் ஒரு வேடிக்கையும் உண்டு. விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12 அன்று, மேலும் பத்துக் கல்லூரிகளோடு சேர்த்து, பிரதமரால் காணொலி வழியே திறந்து வைக்கப்பட்டது. நேரில் வந்து நாடாவை வெட்டவில்லை என்பதால் அந்தத் திறப்பு செல்லாது என்று எவரும் வாதிட்டதாகத் தெரியவில்லை.

கைபேசி மகனிடம் இருக்கிறது, மூதாட்டிக்குக் காது மந்தம், வீட்டுக்குள் அலைவரிசை கிடைப்பதில்லை என்ற ஆட்சேபங்கள் உண்மையானவை. ஆனால் அவை மருத்துவ முறையின் குறைகளல்ல, ஏற்பாட்டின் குறைகள். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ், பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு தேடிச் சென்று ரத்த அழுத்தம் பார்த்து மாத்திரை கொடுக்கின்றனர். மாத்திரை வீட்டுக்கு வந்துவிட்ட பிறகு, அளவு கூடிய நாளில் அந்த மாத்திரையை மாற்றுவதற்கு மட்டும் நோயாளி ஏன் பேருந்து ஏற வேண்டும்? தன்னார்வலரின் பையில் அழுத்தமானி இருக்கிறது; மைய அரசின் இ-சஞ்சீவனி என்னும் தொலை மருத்துவத் தளம் 2020 ஏப்ரல் முதல் பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது; 2023 பிப்ரவரியில் அதன் ஆலோசனைகள் 10 கோடியைக் கடந்தன. இவ்விரண்டையும் ஒரே முற்றத்தில் சேர்ப்பதுதான் பாக்கி.

இறுதியாக, அரசு தொலை மருத்துவத்தைச் சாக்காக வைத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருத்துவர் பணியிடங்களை நிரப்பாமல் விட்டுவிடும் என்ற அச்சம். இது ஒன்றே மருத்துவ முறையை விட்டு ஆட்சியைக் கேள்வி கேட்பதால், எல்லாவற்றிலும் வலுவான ஆட்சேபம். ஆனால் மருத்துவர் இல்லை என்று வாசலோடு திரும்பிய நோயாளியின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. தொலைவழியில் ஆலோசனை கேட்டவருக்கோ ஒரு வரிசை எண் உண்டு. கேட்ட நேரமும் மருத்துவர் பேசிய நேரமும் பதிவாகும் இடம் அது. பணியிடங்களைப் பற்றிக் கவலைப்படுவோர், நரிக்குடி, திருச்சுழி, அருப்புக்கோட்டை ஒன்றியங்களில் கேட்டவர் எத்தனை பேர், பதில் பெற்றவர் எத்தனை பேர் என்பதை மாதந்தோறும் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டச் சொல்லிக் கேட்கலாம்.