மதியம் பன்னிரண்டு மணிக்கு ஒரு கிறிஸ்துமஸ்

டிசம்பர் 24, மாலை ஆறு மணி. ஜெர்மனியில் கடைகள் பிற்பகலிலேயே அடைக்கப்பட்டுவிட்டன. தெருவில் ஈ, காக்கை இல்லை. வீட்டில் ஓர் அறை மட்டும் பூட்டிக் கிடக்கிறது. உள்ளே அப்பாவும் அம்மாவும் மரத்தை அலங்கரித்து, அதன் அடியில் பரிசுகளை அடுக்கிவிட்டு, ஒரு சின்ன மணியை ஆட்டுகிறார்கள். கதவு திறக்கிறது. இருட்டு அறையில் ஒளி விடும் மரம். ஒரு ஜெர்மானியரிடம் உங்கள் குழந்தைப் பருவத்தில் ஒரே ஒரு நிமிடத்தைச் சொல்லுங்கள் என்றால் பெரும்பாலும் இதைத்தான் சொல்வார்.

அதே நேரத்தில் டொராண்டோவில் மணி மதியம் பன்னிரண்டு. அன்று அங்கே வேலை நாள். புதிதாகக் கனடாவில் குடியேறிய ஜெர்மானியர் சாப்பாட்டு இடைவேளையில் கைபேசியை எடுத்துக்கொண்டு ஒரு மூலைக்குப் போகிறார். திரையில் அம்மா, அப்பா, அண்ணன் குழந்தைகள், பின்னால் மரம். பக்கத்து மேஜையில் சக ஊழியர் சாண்ட்விச் சாப்பிட்டபடி, மாலையில் வாங்கவேண்டிய கடைசிப் பரிசுகளுக்குப் பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறார். அவருக்குக் கிறிஸ்துமஸ் இன்னும் வரவில்லை. மறுநாள் காலையில்தான் வரும். இவருக்கோ அது இப்போது, இந்தச் சின்னத் திரைக்குள், முடிந்துகொண்டிருக்கிறது.

டெல்லியிலும் மும்பையிலும் இருக்கும் தமிழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விடியற்காலை எண்ணெய் தேய்த்துக் குளித்து, பட்டாசு வெடித்து, தீபாவளியை முடித்துவிட்டு நிற்கும்போது, பக்கத்து வீட்டில் மறுநாள் மாலை லட்சுமி பூஜைக்கான ஏற்பாடே அப்போதுதான் ஆரம்பமாகும். பண்டிகை ஒன்றுதான், ஆனால் பொழுது வேறு. முற்றிலும் அந்நியமான பண்டிகையை வேடிக்கை பார்த்துவிட்டுப் போகலாம். நம்முடையதே கொஞ்சம் இடம் மாறி இருந்தால்தான் உறுத்தும்.

ஜெர்மானியருக்கு அந்த உறுத்தல் டிசம்பர் தொடக்கத்திலேயே ஆரம்பித்துவிடுகிறது. 5-ஆம் தேதி இரவு குழந்தைகள் பூட்ஸைத் துடைத்து வாசலில் வைப்பார்கள். மறுநாள் புனித நிக்கோலஸ் திருநாள். விடிந்து பார்த்தால் அதற்குள் கொட்டைகளும் சாக்லேட்டும் இருக்கும். கனடாவில் 6-ஆம் தேதி பள்ளிக்குப் போய் இதைச் சொல்லும் குழந்தையை மற்ற குழந்தைகள் ஒரு மாதிரியாகப் பார்க்கின்றன. அங்கே வருபவர் சாண்டா கிளாஸ் ஒருவர்தான். வருவதும் 24-ஆம் தேதி நள்ளிரவுக்கு மேல், எல்லோரும் தூங்கிய பிறகு, புகைபோக்கி வழியாக. அவருக்குக் கனடா அஞ்சல் துறை தனிக் குறியீடே கொடுத்திருக்கிறது: எச்-பூஜ்யம்-எச், பூஜ்யம்-எச்-பூஜ்யம். பூஜ்யத்தை ‘ஓ’ என்று படித்தால் அவருடைய சிரிப்பு. எழுதும் குழந்தைகளுக்குப் பதிலும் வருகிறது. ஜெர்மனியிலும் இப்படிப் பதில் எழுதும் அஞ்சலகங்கள் உண்டு என்பதால் அம்மாக்களுக்கு இது ஒன்றாவது பரிச்சயமாக இருக்கும்.

அட்வென்ட் வளையத்தின் கதை இன்னும் சிக்கல். ஹாம்பர்க்கில் ஆதரவற்ற சிறுவர்களுக்கு இல்லம் நடத்திய யோஹன் ஹின்ரிஷ் விஷெர்ன் என்ற பாதிரியார் 1839-இல் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தின்மீது மெழுகுவர்த்திகளை நட்டார். கிறிஸ்துமஸ் எப்போது, எப்போது என்று நச்சரித்த பையன்களுக்கு நாள் எண்ணக் கற்றுக்கொடுக்கத்தான். இன்று சக்கரம் இல்லை. பசுந்தழை வளையம், நான்கு மெழுகுவர்த்திகள், ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்றாக ஏற்றவேண்டும். ஜெர்மனியில் சில வீடுகளில் மரத்திலேயே நிஜ மெழுகுவர்த்திகளை ஏற்றுவார்கள். கனடாவில் வீடுகளில் பெரும்பாலானவை மரச் சட்டத்தில் எழுப்பியவை. மரத்தில் தீபம் ஏற்றப்போகிறோம் என்று சொன்னால் வீட்டுச் சொந்தக்காரர் முகம் எப்படிப் போகும் என்பதை ஊகிக்கலாம்.

குளிரும் ஏமாற்றுகிறது. உறைபனி நாட்டுக்குப் போகிறோம், இருட்டிலேயே கிடக்கப்போகிறோம் என்று நினைத்து வருபவர்கள், வரைபடத்தைப் பார்த்தால் திகைத்துப்போவார்கள். டொராண்டோ பெர்லினைவிடச் சுமார் ஒன்பது டிகிரி தெற்கே இருக்கிறது; இத்தாலியின் ஃபுளாரன்ஸ் நகரத்தோடு கிட்டத்தட்ட ஒரே கோட்டில். டிசம்பரின் மிகக் குறுகிய பகல் பெர்லினில் ஏழே முக்கால் மணிக்கும் குறைவு. டொராண்டோவில் ஒன்பது மணி நேரத்தை நெருங்கிவிடும். வெளிச்சம் அதிகம், குளிரும் அதிகம். ஐரோப்பாவுக்கு அட்லான்டிக் கடலைத் தாண்டி வரும் மேற்குக் காற்று வெதுவெதுப்பு தருகிறது. கனடாவின் கிழக்குப் பகுதிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வெயில் அடிக்கும் நாளில் மூக்கு உறைவது ஒரு ஜெர்மானியருக்குப் புது அனுபவம்.

இவ்வளவுக்கும் நடுவில் அவருக்குப் பழக்கமான ஒன்று எல்லா வீட்டு ஜன்னலிலும் நிற்கிறது: மரம். நவம்பர் மாதமே வைத்துவிடுகிறார்களே என்று முகம் சுளித்தாலும், அது அவருடைய ஊரின் மரம்தான். கனடாவுக்குள் அதைக் கொண்டுவந்ததாகச் சொல்லப்படுபவரும் இவரைப்போலவே புதிதாக வந்து குளிர்காலத்தில் மாட்டிக்கொண்ட ஓர் ஜெர்மானியர்தான்.

அவர் பெயர் ஃபிரெடெரிக்கே ஷார்லோட்டே ஃபான் ரீடெசல். கணவர் ஃபான் ரீடெசல், பிரவுன்ஷ்வைக் நாட்டின் தளபதி. அமெரிக்கக் குடியேற்றங்கள் கலகம் செய்தபோது அவற்றை அடக்க ஆள் போதாமல், மூன்றாம் ஜார்ஜ் மன்னர் ஜெர்மன் சிற்றரசர்களிடம் பணம் கொடுத்துப் படை வாங்கினார். அந்தப் படையோடு தளபதி 1776-இல் கப்பலேறினார். மனைவி அடுத்த ஆண்டு மூன்று சின்னப் பெண் குழந்தைகளோடு பின்னாலேயே போனார். கடைக்குட்டிக்கு அப்போது ஒன்றரை வயதுகூட ஆகியிருக்கவில்லை.

1777 ஜூனில் கியூபெக்கில் இறங்கியவர் குளிர்காலம்வரை அங்கே இருக்கவில்லை. படையோடு தெற்கே போனார். சரடோகாவில் குண்டுமழை பொழிந்தபோது ஒரு வீட்டின் நிலவறையில் குழந்தைகளோடும் காயம்பட்டவர்களோடும் ஆறு நாள் கிடந்தார். அக்டோபர் 17 அன்று பிரிட்டிஷ் படை சரணடைந்தது. பிறகு வருடக்கணக்கில் சிறைவாசம்: மாசசூசெட்ஸ், வர்ஜீனியா. நியூயார்க்கில் 1780-இல் பிறந்த நான்காவது பெண்ணுக்கு அமெரிக்கா என்றே பெயர் வைத்தார்கள். கைதிகள் பரிமாற்றத்தில் தளபதி விடுதலையான பிறகு, 1781-இல் குடும்பம் மறுபடியும் கனடா வந்து சேர்ந்தது. மான்ட்ரியலுக்கு வடகிழக்கே, ரிஷெல்யூ ஆறு செயின்ட் லாரன்ஸில் கலக்கும் இடத்தில் உள்ள சோரெல் ஊரில் அவர்களுக்கு இடம். கவர்னர் ஹால்டிமண்ட், கட்டி முடியாத ஒரு வீட்டை வாங்கி, அவசர அவசரமாக முடித்துக் கொடுத்தார். 35 வயதான அந்தப் பெண்மணிக்கு அதுதான் முதல் கனடியக் குளிர்காலம்.

அவர் பிற்காலத்தில் எழுதிய நினைவுகளில் போரைவிடச் சமையலறை சுவையாக இருக்கிறது. குளிர்காலத்துக்கு எத்தனை மீன் வேண்டும் என்று உள்ளூர்க்காரர்கள் கேட்டபோது அவர் விழித்திருக்கிறார். வீட்டில் குளம் இல்லையே, எங்கே வைப்பது? பரணில் வையுங்கள் என்றார்களாம். அதன்படியே நூற்றுக்கணக்கான மீன்களைப் பரணில் போட்டுவைக்க, குளிர்காலம் முழுவதும் கெடாமல் இருந்தன. சமைக்கும் நாளுக்கு முதல் நாள் எடுத்துப் பச்சைத் தண்ணீரில் போட்டால் போதும், உறைபனி கழன்றுவிடும். குளிர்பதனப் பெட்டி வருவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் முந்தைய கதை இது. சோரெல் சதுப்பில் விளையும் சிவப்புப் பழத்தில் ஜாம் செய்யவும் கற்றுக்கொண்டார். புது ஊரில் முதல் குளிரைத் தாண்டுவது என்றால் முக்கால்வாசி இந்த மாதிரி விஷயங்கள்தான்.

1781 கிறிஸ்துமஸ் மாலைக்குள் புது வீட்டில் குடியேறிவிட்டார்கள். அன்று விருந்துக்கு ஆங்கிலேயர் வழக்கப்படி ‘கிறிஸ்துமஸ் பை’ என்ற பண்டம் இருந்ததை அவரே எழுதியிருக்கிறார். அதே மாலையில் காட்டிலிருந்து ஒரு ஃபிர் மரத்தை வெட்டிவந்து, மெழுகுவர்த்தி ஏற்றி, கூடத்தில் நிறுத்தினார்கள். கனடாவின் முதல் கிறிஸ்துமஸ் மரம் அதுதான் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. கனடா அஞ்சல் துறையும் 1981-இல் 1781, 1881, 1981 என்று மூன்று காலத்து மரங்களைத் தபால் தலைகளில் அச்சிட்டு இருநூறாம் ஆண்டைக் கொண்டாடியது. விருந்தாளியின் பண்டமும் வீட்டுக்காரியின் மரமும் ஒரே அறையில் இருந்தன என்பதுதான் இந்தக் கதையில் ரசிக்கத்தக்கது. அந்த அறையில் எல்லோருமே வெளியூர்க்காரர்கள் என்பதையும் மறக்கக்கூடாது. ஊர்க்காரர்கள் பிரெஞ்சு பேசினார்கள். அவர்களுக்கும் முந்தியவர்கள் அந்த ஆற்றங்கரையில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இருந்தவர்கள்.

1782-இல் சோரெலில் இன்னொரு பெண் குழந்தை பிறந்தது. அவளுக்குக் கனடா என்று பெயரிட்டார்கள். சில மாதங்களில் இறந்துபோனாள். அங்கேயே அடக்கம் செய்துவிட்டு, 1783-இல் குடும்பம் தாய்நாடு திரும்பியது. படையிலிருந்த பலர் திரும்பவில்லை. நிலம் வாங்கி, பிரெஞ்சுப் பெண்களை மணந்து, கியூபெக்கிலேயே கலந்துபோனார்கள்.

மரம் உடனே பரவிவிடவில்லை. 1848-இல் விக்டோரியா மகாராணியும் ஜெர்மனியில் பிறந்த அவர் கணவர் ஆல்பர்ட்டும் குழந்தைகளோடு மரத்தைச் சுற்றி நிற்கும் படம் லண்டன் பத்திரிகை ஒன்றில் வெளிவந்தது. அதன் பிறகு ஆங்கிலம் பேசும் வீடுகளிலெல்லாம் மரம் நுழைந்தது. வீட்டுச் சாமானாகிவிட்ட பொருளுக்கு யாரும் பூர்வீகம் கேட்பதில்லை. மரம் இருந்தது, ஜெர்மனி என்ற பெயர் உதிர்ந்துவிட்டது.

பெயர் உதிர்ந்தது மரத்துக்கு நல்லதாகப் போயிற்று என்றுதான் சொல்லவேண்டும். ஒன்டாரியோவில் ஜெர்மானியர் நிறைந்த ஒரு நகரத்துக்குப் பெர்லின் என்று பெயர். முதல் உலகப்போர் தொடங்கிய 1914 ஆகஸ்டில் அங்கே பூங்காவில் இருந்த முதலாம் வில்ஹெல்ம் கைசரின் மார்பளவுச் சிலையை யாரோ ஏரியில் தள்ளினார்கள். 1916 மே மாதம் பெயரை மாற்றலாமா என்று வாக்கெடுப்பு. மாற்ற 1,569 பேர், வேண்டாம் என்று 1,488 பேர். 81 வாக்குகளில் பெர்லின் போயிற்று. ஜூனில் கப்பலோடு மூழ்கி இறந்த பிரிட்டிஷ் போர் அமைச்சர் கிச்சனர் பிரபுவின் பெயர் வந்தது. இந்தியாவில் 1902 முதல் 1909 வரை தலைமைத் தளபதியாக இருந்து, கர்சன் பிரபுவோடு மோதி, அவர் பதவி விலகக் காரணமாக இருந்த அதே கிச்சனர்தான். அந்த டிசம்பரில், பெயர் மாற வாக்களித்த வீடுகளிலும் மரம் நிறுத்தியிருப்பார்கள். அதற்கு யாரும் வாக்கெடுப்பு நடத்தவில்லை.

அதே கிச்சனரில் நகர மண்டபத்தின் முன் 1997 முதல் டிசம்பர் தொடக்கத்தில் ஜெர்மன் பாணிக் கிறிஸ்துமஸ் சந்தை கூடுகிறது. புதிதாக வந்தவர்கள் தேடிக்கொண்டு போகிறார்கள். வறுத்த பாதாம் வாசனை, மர பொம்மைகள், உலர்பழம் அடைத்த ஷ்டோலன் ரொட்டி. பேச்சு மட்டும் பெரும்பாலும் ஆங்கிலம். கடையில் நிற்பவருக்குப் பாட்டியிடம் கேட்டறிந்த நாலைந்து ஜெர்மன் சொற்கள் தெரிந்திருக்கலாம். புதியவருக்கு முதலில் ஏமாற்றம். ரொட்டியை வாயில் போட்ட பிறகு ஏமாற்றம் குறைகிறது.

ஆக, 24 மாலை என்ன செய்வது? பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இது விளையாட்டான கேள்வி அல்ல. பள்ளியில் எல்லோருக்கும் சாண்டா 25 காலையில் தருகிறார். நமக்கு மட்டும் ஏன் முந்தின நாள் என்று பிள்ளை கேட்கும். மாலையை விட்டுக்கொடுத்தால் மணியும் பூட்டிய அறையும் போய்விடும். அவற்றோடு அந்த வீட்டில் ஜெர்மன் பேசுவதற்கான ஒரு காரணமும் போய்விடும். பல குடும்பங்கள் இரண்டையும் வைத்துக்கொள்கின்றன. மாலையில் உருளைக்கிழங்கு சாலட்டும் சாசேஜும் சாப்பிட்டு, மணி அடித்து, பரிசு. காலையில் காலுறைக்குள் சின்னச் சாமான்கள், மத்தியானம் வான்கோழி. பிள்ளைகளுக்கு லாபம், செலவு அப்பாவுக்கு.

26-ஆம் தேதி ஜெர்மனியில் இரண்டாம் கிறிஸ்துமஸ் நாள். கடை திறக்காது, உறவினர் வீட்டுக்குப் போய் வாத்துக்கறி சாப்பிடவேண்டும். கனடாவில் அது பாக்ஸிங் டே. தள்ளுபடி விற்பனைக்கு ஜனங்கள் அலைமோதுவார்கள். புதியவரிடம் போய்ப்பார்க்க உறவினர் இல்லை; அதனால் அவரும் கடைக்குப் போய், நல்லதாக ஒரு குளிர்கோட்டு வாங்கிக்கொண்டு வருகிறார். ஊரிலிருந்து கொண்டுவந்தது இந்தக் குளிருக்குப் பத்தவில்லை என்பது அதற்குள் தெரிந்திருக்கும்.

31 இரவு ஒரு வேடிக்கை. ‘டின்னர் ஃபார் ஒன்’ என்ற பதினெட்டு நிமிட நகைச்சுவை நாடகம் 1963-இல் ஜெர்மன் தொலைக்காட்சி பதிவு செய்தது. நடிகர்கள் ஆங்கிலேயர்கள், வசனம் முழுக்க ஆங்கிலம். புத்தாண்டு இரவு அதைப் பார்க்காமல் ஜெர்மானியருக்கு ஆண்டு முடியாது. ஆங்கிலம் பேசுகிறவர்கள் எல்லோருக்கும் அது மனப்பாடம் என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கனடிய நண்பர்களிடம் ஆவலோடு அதன் வசனத்தைச் சொல்லிக் காட்டி, அவர்கள் திருதிருவென்று விழிப்பதைப் பார்த்த பிறகுதான், அது தங்கள் ஊர்ச் சொத்து என்று தெரியவரும்.

புத்தாண்டு முடிந்ததும் கனடிய வீடுகள் மரத்தைக் கழற்றி, நகராட்சி வண்டி எடுத்துப்போகத் தெருவோரம் போட்டுவிடுகின்றன. ஜெர்மானியர் வீட்டில் ஜனவரி 6, மூன்று அரசர்கள் திருநாள்வரை மரம் நிற்கவேண்டும். பனியில் சாய்ந்து கிடக்கும் மரங்களின் வரிசையில் ஒரு வீட்டு ஜன்னலில் மட்டும் விளக்கு எரிகிறது. வண்டி அந்தத் தெருவுக்கு மறுபடி எப்போது வரும் என்று பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டிச் சொல்லிவிட்டுப் போகிறார்.