ஏரிக்கு அடியில் என்ன உயிர் இருக்கிறது? மாதத்தைச் சொன்னால்தான் பதில்!

மழை பிடித்துவிட்டால் செம்பரம்பாக்கம் எத்தனை அடி என்று போனில் பார்த்துக்கொண்டே இருப்போம். முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி என்பது பல சென்னைவாசிகளுக்கு மனப்பாடம். தண்ணீர் எவ்வளவு என்பது தெரிகிறது. எப்படி இருக்கிறது?

அதற்கான பதிலில் ஒரு பகுதி அடிச்சேற்றில் கிடக்கிறது. புழு, நத்தை, மட்டி, தட்டான்பூச்சியின் இளம்பருவம் எல்லாம் அங்கேதான் வாழ்கின்றன. தண்ணீர் கெட்டால் மீன் நகர்ந்துவிடும். இவற்றால் அவ்வளவு எளிதாக ஓட முடியாது. ஒரு பாட்டில் தண்ணீர் அன்றைய நிலையைச் சொல்லும் என்றால், சேற்றில் இருப்பவை பல வாரக் கதையைச் சொல்லும். இவற்றை வைத்து நீர்த்தரத்தை மதிப்பிடும் அளவுகோலே மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் இருக்கிறது.

ஆனால், எந்த மாதம் எண்ணுகிறோம் என்பது முக்கியம்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வெள்ளம் புது வண்டலைக் கொண்டுவந்து கொட்டும். அடியில் இருப்பவை புதையும். நேற்றுவரை காய்ந்திருந்த கரையோரம் முங்கும். அங்கே இன்னும் எந்த உயிரும் குடியேறியிருக்காது. அதனால் பொதுவாக எண்ணிக்கை குறையும். இது மாசு இல்லை, மழை. ஜனவரிக்குப் பிறகு கலங்கல் தெளிந்து, மட்கிய இலைதழை உணவாகி, கூட்டம் பெருகும்.

கோடையில் கதையே வேறு. 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் அது சுமார் 7.5 மட்டுமே. அடியில் இன்னும் குறையும். ஆப்பிள் நத்தை ஓட்டை மூடிக்கொண்டு சேற்றுக்குள் உறங்கப் போய்விடும். தாக்குப்பிடிப்பது ரத்தப்புழுவும் டியூபிஃபெக்ஸும்தான். வீட்டில் மீன்தொட்டி வைத்திருப்பவர்களுக்கு இரண்டும் பழக்கம். உடம்பில் ஹீமோகுளோபின் இருப்பதால் ஆக்சிஜன் குறைந்தாலும் சமாளிக்கும். சிவப்பு நிறமும் அதனால்தான். தலை எண்ணினால் கூட்டம் அதிகம். வகை எண்ணினால் சொற்பம்.

ஆக, மே மாதத்தில் ஒருமுறை சேற்றை அள்ளிவிட்டு ‘ஏரி செத்துவிட்டது’ என்பதும் தப்பு, பிப்ரவரியில் அள்ளிவிட்டு ‘சூப்பரா இருக்கு’ என்று சான்றிதழ் தருவதும் தப்பு. இந்த மே மாதத்தைப் போன மே மாதத்தோடுதான் ஒப்பிட வேண்டும். பருவத்துக்கு ஒருமுறை, அதே இடங்களில், கரையோரமும் ஆழமும் சேர்த்து. 2019-இல் ஏரி வறண்டதே, அதுபோல இன்னொரு ஆண்டு வந்தால் எவை திரும்பின, எவை திரும்பவில்லை என்பதை அப்போதுதான் சொல்ல முடியும்.

பெரிய செலவும் இல்லை. சேறு அள்ளும் கருவி, சல்லடை, மைக்ராஸ்கோப், பழகிய கண்கள். சுற்றுவட்டாரக் கல்லூரிகளின் விலங்கியல் துறைகளிடமே இந்த வேலையைக் கொடுக்கலாம். கிடைக்கும் எண்ணை நீர்மட்டத்துக்குப் பக்கத்திலேயே வெளியிடட்டும், அதே போனில் பார்த்துக்கொள்கிறோம்.