எதில் ஒப்பு?

பிறந்த குழந்தையைப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் பேசுவது ஜாடையைப் பற்றித்தான். "அப்பனை அப்படியே உரிச்சு வெச்சிருக்கு" என்று ஒரு பெரியம்மா ஆரம்பிப்பார். "மூக்கு மட்டும் அத்தை மூக்கு" என்று இன்னொருவர் திருத்துவார். அந்தப் பேச்சில் யாரும் பொத்தாம்பொதுவாக "அவரை மாதிரி" என்று விடுவதில்லை. முகம் ஒத்திருந்தால் ஜாடை, மொத்த உருவமும் ஒத்திருந்தால் அச்சு, தூரத்துப் பார்வைக்கு ஒத்திருந்தால் சாயல். அதே பிள்ளை வளர்ந்து சமைக்கத் தொடங்கினால் அம்மாவின் கைப்பக்குவம். ஒத்திருக்கிறது என்று சொல்லும்போதே எதில் ஒத்திருக்கிறது என்பதும் வந்துவிடுகிறது.

தொல்காப்பியர் கேட்ட கேள்வியும் அதுதான். அவருடைய இலக்கண நூலில், பொருளதிகாரத்தின் ஏழாவது இயல் உவமவியல். மனத்தின் உணர்ச்சி உடலில் தெரிவதைப் பேசும் மெய்ப்பாட்டியலுக்கும், பாட்டின் கட்டமைப்பைப் பேசும் செய்யுளியலுக்கும் நடுவே அது நிற்கிறது. ஒப்புமை பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறார்: வினை, பயன், மெய், உரு. புலி போலப் பாய்ந்தான் என்றால் வினை. மழை போன்ற வள்ளல் என்றால் பயன். துடி போன்ற இடை என்றால் மெய், அதாவது வடிவம். பவளம் போன்ற உதடு என்றால் உரு, அதாவது நிறம். ஒரு பொருளின் வடிவத்தையும் நிறத்தையும் இப்படித் தனித்தனியாகப் பிரித்து வைத்த கண்ணை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புத்தான்.

அதோடு விடவில்லை. ஒப்பைச் சொல்லும் உருபுகளாக 36 சொற்களை ஆறாறாக அடுக்குகிறார். பிறகு அந்த நான்கு வகைக்கும் எவை எவை உரியவை என்று வகைக்கு எட்டாகப் பங்கிடுகிறார். நாம் எதற்கெடுத்தாலும் எழுதும் 'போல' அந்தப் பங்கீட்டில் உரு உவமத்துக்குரிய எட்டில் ஒன்றுதான். சங்கப் பாட்டுகளில் இந்த வேலி இறுக்கமாக நிற்கவில்லை. 'அன்ன' எங்கும் புகுந்துவிடுகிறது. பின்னால் வந்த நன்னூல் 12 உருபுகளைப் பெயர் சொல்லிவிட்டு மற்றவற்றைப் 'பிற' என்பதில் அடக்கிவிட்டது. பள்ளிக்கூடத்தில் நமக்குக் கிடைத்தது அந்தச் சுருக்கம்தான்.

அந்த 36-ஐ ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். பெரும்பாலானவை வினைச்சொற்கள். வெல்ல, கள்ள, எள்ள, விழைய, மருள, நடுங்க, வியப்ப. ஒருவனுடைய கை மழையை வெல்கிறது. ஒன்றின் அழகை இன்னொன்று களவாடுகிறது. ஒன்று மற்றதை எள்ளி நகைக்கிறது, அல்லது அதைப் போலாக வேண்டும் என்று ஏங்குகிறது. 'மருள' என்றால் பார்க்கிறவனே இதுவா அதுவா என்று மயங்கும் அளவுக்கு ஒப்பு. 'நடுங்க' என்றால் ஒன்றைக் கண்டு மற்றது நடுங்குகிறது. இரண்டு பொருள்களுக்கு நடுவே போட்டியும் பொறாமையும் ஆசையும் ஓடுவதாகப் பார்த்த மொழி இது. அவளைப் பார்த்து நிலா வெட்கப்படுவதாகத் திரைப்பாட்டு எழுதுகிறவர் அறிந்தோ அறியாமலோ இந்த வரிசையில்தான் வந்து நிற்கிறார்.

மற்ற மொழிகள் வேறு வேறு வழியில் போயிருக்கின்றன. ஆங்கிலத்தின் 'லைக்' என்ற சொல்லைத் தோண்டிப் போனால், பழைய ஆங்கிலத்தில் உடல், வடிவம் என்று பொருள்படும் 'லீச்' கிடைக்கிறது. நம்முடைய 'மெய்'யும் உடல்தான். மலாயில் 'மாச்சாம்' என்றால் வகை. அதுவே 'போல' என்பதற்கும் நிற்கும். "அப்பா மாச்சாம்?" என்றால் எப்படி இருக்கிறீர்கள் என்று நலம் கேட்பது. யாழ்ப்பாணத்தில் "என்ன மாதிரி?" என்று கேட்பதும் அதே விசாரிப்புத்தான்.

தொல்காப்பியரின் கேள்வி ஏட்டோடு போய்விடவில்லை. அடுப்படியில் நன்றாகவே உயிரோடு இருக்கிறது. எலுமிச்சை அளவு புளி என்றால் உருண்டையின் பருமன். புளிப்புக்கும் அந்தப் பழத்துக்கும் அங்கே சம்பந்தமில்லை. இட்லி மாவுப் பதம் என்றால் கெட்டித்தன்மை. பொன்னிறம் என்றால் நிறம் மட்டும். அளவு, பதம், நிறம் என்று மூன்றுக்கும் மூன்று சொல் இருப்பதால் புதிதாகச் சமைக்கிறவரும் தடுமாறுவதில்லை. பட்டுக் கடையிலும் அப்படியே. கிளிப்பச்சை, கத்தரிப்பூ, மயில்கழுத்து, வெங்காயச் சருகு என்று கேட்டால் கடைக்காரர் சரியான புடவையை எடுத்துப் போடுவார். எம்.எஸ். சுப்புலட்சுமி உடுத்திய நீலத்துக்கு அவர் பெயரே நிறப் பெயராகிவிட்டது.

சிக்கல் எழுத்தில் இருக்கிறது. 'அந்தப் பகுதியே போர்க்களம் போல் காட்சியளித்தது' என்று செய்தியில் படிக்கிறோம். எதில்? சத்தத்திலா, புகையிலா, சிதறிக் கிடந்த பொருள்களிலா? எழுதியவருக்குத் தெரியும், ஏனென்றால் அவர் நேரில் பார்த்தவர். நமக்கு அது வந்து சேரவில்லை. 'கடல் போல் கூட்டம்' என்றாலும் அதே குறைதான்; பரப்பா, இரைச்சலா, அலை அலையாக நகர்ந்ததா என்று தெரிவதில்லை. சமையல் குறிப்பில் இருக்கும் துல்லியம்கூட நம் செய்திகளிலும் கதைகளிலும் இல்லாமல் போவது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

பேச்சில் 'போல்' இருக்க வேண்டிய இடத்தில் நிற்கும் 'மாதிரி'யைக் குறை சொல்லவில்லை. நல்ல சொல், நாள் முழுக்க நம்மோடு உழைக்கிற சொல். ஆனால் அது ஒன்றே போதும் என்று இருந்துவிட்டால், தெற்கே கேட்கிற 'மலை கணக்கா', கொங்குப் பக்கத்து 'அவனாட்டம்' போன்றவை பேச்சிலிருந்தும் நழுவிவிடும். எழுத்தில் அவற்றுக்கு இன்னும் சரியான இடம்கூடக் கிடைக்கவில்லை.

ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில், உங்கள் வீட்டுப் பெரியவர்கள் 'மாதிரி' என்பதற்கு வேறு என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு, அவர்கள் சொன்ன வாக்கியத்தோடு எனக்கு எழுதி அனுப்புங்கள். எந்த ஊர்ப் பேச்சு என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.